யாருக்குக்கா காய்ச்சல்?

சுட்ட ரொட்டியை ஆற வைப்பதற்காகத் திண்ணையில் கம்பி வலை மேல் வைத்திருந்தேன். பால் வாங்கப் போன எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகம் சட்டென்று மாறிவிட்டது. "யாருக்குக்கா காய்ச்சல்?" என்றார்.

யாருக்கும் இல்லை, பேரப்பிள்ளைகள் சுட்டது என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. "பிள்ளைங்களுக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். சாயங்காலம் ஒரு சொம்பில் மிளகு ரசம் வந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்தான். எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் பாருங்கள்: சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், பிளாஸ்க், ரொட்டி பாக்கெட், இவ்வளவுதான் கடை. எனக்கு ஏழு வயதில், 1970-ல், டைபாய்டு வந்தது. திருச்சி பெரியாஸ்பத்திரியில் காலையில் பாலும் ரொட்டியும் தருவார்கள். ரொட்டியைப் பாலில் முக்கினால் ஒரு நொடியில் தொப்பென்று உள்ளே விழுந்துவிடும். அதை விரலால் எடுத்துச் சாப்பிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகும் பத்து நாள் அதே பத்தியம். என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் நெற்றியில் விபூதியைக் குழைத்துப் பூசிக்கொண்டு வந்து, "எனக்கும் காய்ச்சல்" என்று அம்மாவிடம் நின்றான். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு போடு போட்டார்.

உடம்பு நன்றாக இருக்கும்போது நான் ரொட்டி சாப்பிட்டது 1983-ல், டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்து டிரெய்னிங்குக்கு மெட்ராஸ் போனபோதுதான். ஹாஸ்டலில் தினம் மாடர்ன் பிரெட். அந்த மாடர்ன் 1965-ல் மத்திய அரசு தொடங்கிய கம்பெனி. ஆக, அதுவும் நம்ம மாதிரி கவர்மெண்ட் உத்தியோகம்தான் என்று சொல்லிச் சிரிப்போம். 2000-ம் வருஷத் தொடக்கத்தில் அதை ஹிந்துஸ்தான் லீவருக்கு விற்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் எங்கள் டிபார்ட்மெண்ட் பி.எஸ்.என்.எல். ஆனது. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்த 78,000-க்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருத்தி. எதற்கு இந்தக் கதை என்றால், வீட்டில் இப்போது சும்மா இருக்கிறேன், மே மாதம் வந்தால் மகள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவாள்.

அடுப்பும் அவள் விட்டதுதான். ஊரடங்கில் ஊரே கேக் சுட்டதே, அப்போது வாங்கிய ஓடிஜி, ரொட்டி, கேக் சுடுகிற கரண்ட் அடுப்பு. ஆபீஸ் திறந்ததும் "அம்மா, உங்க வீட்ல இடம் இருக்குல்ல" என்று இங்கே வந்து சேர்ந்தது. இரண்டு வருஷம் அதற்குள் அப்பளக்கட்டும் வடகமும்தான் இருந்தன. எறும்பு போகாது, நல்ல பெட்டி.

பெரியவளுக்கு ஏழு வயது, பாப்பா. சின்னவனுக்கு நாலு, தம்பி. திருச்சியில் கத்திரி வெயில் நேரத்தில் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது. சாயங்காலம் ஐந்தரைக்குத் தெருமுனை பேக்கரிக்குப் போய் தம்பிக்கு ஒரு தேங்காய் பன் வாங்கித் தர வேண்டும். தந்தால்தான் ராத்திரி சாப்பிடுவான். பாப்பாதான் ஒருநாள் வடகத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஓடிஜிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "அம்மாச்சி, இதுல பன் வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். அதுதான் ஆரம்பம்.

முதல் தடவை வந்தது பன் இல்லை, அவமானம்.

ஒரு வெள்ளைக்காரம்மா வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தேன். அரைக் கிலோ மைதா, 7 கிராம் ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து வெதுவெதுப்பான இடத்தில் ஒருமணி நேரம் வையுங்கள் என்றார் அந்த அம்மா. வைத்தேன். எங்கே? மாடிப்படிக்கட்டில், பகல் பன்னிரண்டரைக்கு. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கண்ணயர்ந்து எழுந்தபோது இரண்டு மணி. மாவு மூடியிருந்த தட்டைத் தள்ளிவிட்டு, அண்டாவின் விளிம்பைத் தாண்டி, ஒரு படி கீழே இறங்கியிருந்தது. கள்ளுக்கடை வாசனை. வழித்துச் சுட்டுப் பார்த்தோம். மேலே எழும்பவும் இல்லை, சிவக்கவும் இல்லை. மாவில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் நிறம் எங்கிருந்து வரும்? வெளுத்துப்போய், தட்டையாக, புளிப்பாக இருந்தது. தம்பி ஒரு வாய் கடித்து அப்படியே என் உள்ளங்கையில் துப்பினான்.

எனக்கு என்மேல்தான் கோபம். நாற்பது வருஷமாக இட்லி மாவு புளிக்க வைக்கிறவள் நான். மார்கழியில் மாவுப் பாத்திரத்தைப் போர்வைக்குள் வைக்கவும், சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கே ஃபிரிட்ஜில் ஏற்றவும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு வீடியோவைப் போட்டதும் அத்தனை புத்தியையும் அடகு வைத்துவிட்டேன். அந்த அம்மா சொன்ன வெதுவெதுப்பு அவர் ஊர் வெதுவெதுப்பு. இங்கே சமையல்கட்டே 36 டிகிரி இருக்கும்போது எதற்கு இடம் தேடுவது?

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். ஈஸ்ட்டைப் பாதிக்கும் கீழே குறைத்து 3 கிராம். தண்ணீர் பானையிலிருந்து எடுத்த குளிர்ந்த தண்ணீர். ஏழு மணிக்குள் மாவு இரண்டு மடங்கு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வதற்கு அதுதான் சரியான நேரம். அப்போது அவர்களுக்குத் தூக்கக் கலக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பேச்சைக் கேட்பார்கள்.

பிசைகிற விஷயத்தைச் சொல்கிறேன். சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்தால் ரொட்டி வராது. போளிக்குப் பிசைவோமே, கையில் ஒட்டிக்கொண்டு, விட்டால் மெதுவாகச் சரிகிற மாதிரி, அந்தப் பதம். அரைக் கிலோ மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர். அந்தப் பதத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை நடுங்கி இன்னும் இரண்டு கை மாவு போடத் தோன்றும். போடக்கூடாது. பத்து நிமிஷம் பிசையப் பிசைய அதுவே கையை விட்டுவிடும். மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரில் ஊறி, இழை இழையாகப் பின்னிக்கொள்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசும்போது கிழியாமல் கண்ணாடி மாதிரி விரிகிறதே, அதே இழைதான் ரொட்டிக்குள் காற்றைப் பிடித்து வைக்கிறது.

இதைப் பாப்பாவுக்குச் சொன்னேன். ஒரு நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து, இரண்டு கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல மெல்ல இழுத்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். முதலில் கிழிந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் பிசைந்தோம். மறுபடி பிடித்தாள். இந்தத் தடவை மாவு வழியாக ஜன்னல் கம்பி நிழலாகத் தெரிந்தது. கம்பிக்கு அப்பால் முருங்கை மரம் அசைவதும் தெரிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். தம்பி பின்னாலிருந்து வந்து ஒரே ஒரு விரலால் அதைக் குத்தினான். குத்திய ஓட்டை வழியாக அக்காவைப் பார்த்து "ஙே" என்றான். அன்றைக்கு ரொட்டி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது, சண்டையைத் தீர்க்க.

தம்பிக்கு ஒரு வேலை தர வேண்டியிருந்தது. உப்பி நிற்கிற மாவில் விரலால் அழுத்தி, குழி மெதுவாக மேலே வருகிறதா என்று பார்ப்பது. உடனே மேலே வந்தால் இன்னும் நேரம் ஆகும். வரவே இல்லை என்றால் தாமதமாகிவிட்டது. மெதுவாக, பாதி வந்து நின்றால் சரி. இதை அவன் இரண்டே நாளில் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். மாவுக்குக் குண்டு மாமா என்று பெயரும் வைத்தான். (என் மகன் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருப்பான். இந்தப் பதிவை யாரும் அவனுக்கு அனுப்ப வேண்டாம்.) அண்டாவைத் தரையில் வைத்தால் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்து, "மாமா மூச்சு விடுறாரு" என்பான்.

மூச்சு என்ற அந்த வார்த்தையால்தான் வினை வந்தது.

ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்ததும் நான் கொஞ்சத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். கடையில் வெயிலில் கிடந்து செத்ததா, இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. பத்து நிமிஷத்தில் நுரை கட்டினால் இருக்கிறது. பாப்பா டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அடியிலிருந்து ஒரு குமிழ் வந்தது. பிறகு இரண்டு. பிறகு மேலே ஃபில்டர் காபி மாதிரி நுரை ஏடு.

"அம்மாச்சி, இது உயிரோட இருக்கா?"

"ஆமா கண்ணு. கண்ணுக்குத் தெரியாத ஜீவன். சர்க்கரையைச் சாப்பிட்டுட்டுக் காத்து விடுது."

"அப்ப அடுப்புல வெச்சா?"

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அறுபது டிகிரி தாண்டினால் செத்துவிடும் என்றேன்.

பாப்பா போன வருஷம் கறிக்கடையில் கோழியை உரிப்பதைப் பார்த்துவிட்டு, தானாகவே கறி சாப்பிடுவதை நிறுத்திய பிள்ளை. எங்கள் வீட்டில் யாரும் சைவம் இல்லை, அவள் மட்டும்தான். டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப ரொட்டியும் கறிதான்."

அப்படியெல்லாம் இல்லை, அதற்கு வலிக்காது, அது காளான் ஜாதி என்று என்னென்னவோ சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாம். "நீ தினம் சாப்பிடுற இட்லியிலயும் தான் ஜீவன் இருக்கு" என்று ஒரு வாதத்தையும் எடுத்து வைத்தேன். உண்மைதான். இட்லி மாவைத் தூக்குவது பெரும்பாலும் லூக்கோனோஸ்டாக் என்கிற பாக்டீரியா. அதுவும் ஆவியில் போய்விடும். வாதத்தில் நான் ஜெயித்தேன். மறுநாள் காலை பாப்பா இட்லி வேண்டாம் என்றுவிட்டாள். தோசையும் வேண்டாம். மத்தியானம் தயிரையும் தள்ளி வைத்தாள். இதில் மட்டும் அவளே யோசித்திருக்கிறாள்.

மகள் போனில், "அம்மா, ரெண்டு வாரம் பாத்துக்கச் சொன்னா, புள்ளைக்குச் சோத்தையே நிறுத்திட்டீங்களே" என்று பிடித்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி பாலுக்கு உறை ஊற்றும்போது பாப்பா பக்கத்தில் நின்றாள். தயிர்க் கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டி மிச்சம் வைத்து அதை எடுத்துப் பாலில் விட்டேன். "இது ஏன் மிச்சம் வெக்கிறீங்க?" என்றாள். உறைக்கு என்றேன். இதைப் போட்டால்தான் நாளைக்குத் தயிர், நாளைக்கு மிச்சம் வைத்தால்தான் நாளன்றைக்கு. என் மாமியார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிற உறை இது, நடுவில் இரண்டு மூன்று தடவை பக்கத்து வீட்டில் கடன் வாங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

"அப்ப அது சாகவே இல்லையா?"

"முழுசா இல்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தீர்ப்பு வந்தது. ரொட்டி சுடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் சுடுவதற்கு முன்னால் ஒரு உருண்டை எடுத்து வைக்க வேண்டும். அது அடுப்புக்குப் போகக்கூடாது. குடும்பம் அழியக்கூடாது.

சரி, பிள்ளையைச் சாப்பிட வைத்தால் போதும் என்று ஒத்துக்கொண்டேன். எலுமிச்சம்பழம் அளவு மாவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். மறுநாள் அதைக் கிள்ளிக் கிள்ளி புது மாவில் போட்டுப் பிசைந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் ரொட்டியில் ருசி என்று ஒன்று வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் மெத்தென்று இருக்கும், வாயில் ஒன்றும் நிற்காது. இதில் லேசாக ஒரு புளிப்பு, ஒரு வாசனை, மேல் தோலில் நல்ல சிவப்பு. பிறகு தேடிப் பார்த்தால், பழைய மாவில் ஒரு பிடி எடுத்து வைத்து மறுநாள் சேர்ப்பது பிரான்ஸ் நாட்டு ரொட்டிக்காரர்களின் பழைய வழக்கமாம். எந்த வீடியோவிலும் நான் கேட்காததை ஏழு வயதுப் பிள்ளை கருணையில் கண்டுபிடித்துவிட்டாள்.

அளவையும் இதோடு சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு 10 கிராம், சர்க்கரை 40, வெண்ணெய் 30, வெயில் காலத்தில் ஈஸ்ட் 3 கிராம். மொத்தம் 880 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். பன்னாக உருட்டினால் 60 கிராமில் பதினான்கு. மிச்சம் இருக்கிற 40 சொச்சம் குடும்பத்துக்கு.

இந்த 60 கிராம் கணக்கு பாப்பாவுடையது. முதலில் கண் மதிப்பில் உருட்டினார்கள். அக்கா உருட்டியது முஷ்டி அளவு, தம்பி உருட்டியது கோலிக்குண்டு. கோலிக்குண்டெல்லாம் கருகியது, முஷ்டியெல்லாம் உள்ளே வேகவில்லை. அதன்பின் எலக்ட்ரானிக் தராசை நடுவில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்காரர் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். 58 வந்தால் இரண்டு கிராம் கிள்ளி வைப்பாள். 63 வந்தால் பிய்ப்பாள். பிய்த்ததைத் தம்பி வாயில் போடப் பார்ப்பான். பச்சை மைதா வயிற்றுக்கு ஆகாது, அதில் கிருமி இருக்கும். இதற்காக மட்டும் இரண்டு தடவை அவன் கையில் தட்டியிருக்கிறேன்.

உள்ளே வைக்கப் பூரணம்: ஒரு மூடித் தேங்காய்த் துருவல், நாலு ஸ்பூன் சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் டூட்டி ஃப்ரூட்டி. கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதுபோல மாவைக் குழித்துப் பூரணத்தை வைத்து மூட வேண்டும். மூடிய பக்கம் கீழே. பாப்பாவுக்குப் பிள்ளையார் சதுர்த்தியில் கை பழகியிருந்தது. தம்பிக்குப் பூரணத்தை விட டூட்டி ஃப்ரூட்டியில் சிவப்பை மட்டும் பொறுக்குவதில்தான் ஈடுபாடு.

இதற்குப் பிறகு மறுபடி அரைமணி நேரம் உப்ப விட வேண்டும். பிள்ளைகளோடு ரொட்டி சுடுவதில் பிசைவது, உருட்டுவது எல்லாம் சுலபம். இந்த அரைமணி நேரம்தான் மலை.

"அம்மாச்சி, ஆயிடுச்சா?"

"இல்ல."

"இப்ப?"

கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரங்க் கால் காலத்தில் எங்களுக்கு எல்லாமே மூன்று நிமிஷக் கணக்கு. "த்ரீ மினிட்ஸ் ஓவர், எக்ஸ்டெண்ட் பண்ணலாமா சார்?" என்று நடுவில் நுழைந்து கேட்போம். கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருப்பவர்களும் இப்படித்தான், நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிட்டு "கல்கத்தா கிடைச்சுதா மேடம்" என்பார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். போனில் பேச எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று பாப்பாவுக்கு விளங்கவே இல்லை. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை உண்டு, லைட்னிங் என்றால் எட்டு மடங்கு காசு, மின்னல் மாதிரி லைன் கிடைக்கும் என்றேன். தம்பி எழுந்து பன் தட்டுகிட்டே போய்க் குனிந்து, "மாமா, லைட்னிங்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தான்.

மாமா ஆர்டினரியாகத்தான் வந்தார்.

ஓடிஜியைச் சுற்றித் தரையில் கோலமாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். கோட்டைத் தாண்டினால் அன்றைக்குப் பன் கிடையாது. கதவுக் கண்ணாடி சுட்டால் கொப்புளம்தான். இருவரும் கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சினிமா பார்ப்பதுபோல உள்ளே பார்ப்பார்கள். 180 டிகிரியில் பதினெட்டு நிமிஷம். முதல் ஐந்து நிமிஷத்தில் கண்ணுக்கு எதிரிலேயே உப்பும். அதற்கப்புறம்தான் நிறம்.

ஒரு சனிக்கிழமை அந்த ஐந்தாவது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது. உள்விளக்கு அணைந்ததும் தம்பி, "மாமா தூங்கிட்டாரு" என்றான். பாப்பா அழ ஆரம்பித்தாள். கதவைத் திறக்காதீர்கள் என்று கத்திவிட்டு, பரணிலிருந்து என் மாமியாரின் அலுமினியக் குண்டானை எடுக்கச் சொன்னேன். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா குண்டானில் ஆற்றுமணலைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் கேக் வைத்துச் சுடுவார். காவிரிக்கரையில் இருந்துகொண்டு இப்போது ஒரு குண்டான் மணலுக்கு எங்கே போவது? ஒரு கிலோ கல்லுப்பைக் கொட்டினேன். காஸில் பத்து நிமிஷம் காய விட்டு, மேலே ஒரு பிரிமனை, அதன்மேல் தட்டு, தட்டில் ஏழு பன். மூடி போட்டு இருபது நிமிஷம். அடுத்த ஈடு ஏழு. அடியெல்லாம் நல்ல சிவப்பு, மேலே வெள்ளை வெளேர். தோசைக்கல்லில் வெண்ணெய் தடவிக் கவிழ்த்துப் போட்டு எடுத்தேன். கொஞ்சம் அமுங்கித்தான் போயிருந்தது. அதற்குத் தோசை பன் என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு கரண்ட் இருந்த நாளிலும் தம்பி தோசை பன்தான் கேட்டான்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. மைதா விஷம் என்று தினம் வாட்ஸப்பில் வருவதை எனக்குப் படித்துக்காட்டுவார். அவருக்காக ஒருநாள் முழுக்கோதுமையில் செய்தேன். செங்கல். தவிடு அந்த இழைகளை அறுத்துவிடும், தண்ணீரும் அதிகம் குடிக்கும். பாதி கோதுமை, பாதி மைதா, 40 மில்லி தண்ணீர் கூட, பிசைவதற்கு முன்னால் அரைமணி ஊற வைத்தால் பரவாயில்லை. அதற்காக வீட்டு ரொட்டி ஆரோக்கியம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. மைதா மைதாதான். 2016-ல் கடை ரொட்டியில் பொட்டாசியம் புரோமேட் இருப்பதாக டெல்லியில் சோதித்துச் சொன்னார்கள், அந்த வருஷமே அரசு அதைச் சேர்க்கக்கூடாது என்றும் ஆக்கியது. வீட்டில் செய்தால் என்ன போட்டோம் என்று தெரியும், அவ்வளவுதான். தெரிந்தே சர்க்கரையைப் போடுகிறோம். தாத்தா "வேண்டாம் வேண்டாம்" என்றுகொண்டே அந்த இரண்டு வாரத்தில் எத்தனை தேங்காய் பன் தின்றார் என்பது பாப்பா நோட்டில் இருக்கிறது. பதினொன்று.

மே கடைசியில் கிளம்பினார்கள். மகள் வந்திருந்தாள், காலை பல்லவன் ரயிலில் டிக்கெட். முந்தின ராத்திரியே பாப்பா டப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். பாதி இங்கே, பாதி சென்னைக்கு. மகள் முடியவே முடியாது என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. காலையில் பார்த்தால் மகளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உருண்டையைப் போட்டு, ஒரு கவரில் ஐஸ்கட்டி கட்டி, சாப்பாட்டுக் கூடையில் சொருகிக்கொண்டிருந்தாள். வெயிலில் ஐஸ் அரியலூர் வரைகூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும். மூடியை இறுக்கி மூடாதே என்று சொல்ல நினைத்தேன். ஆட்டோ வந்துவிட்டது.

பத்து மணி வாக்கில் போன். விழுப்புரம் ஸ்டேஷன் சத்தம், இட்லி வடை இட்லி வடை என்று யாரோ கத்துகிறார்கள்.

"அம்மா! மூடி தெறிச்சு எதிர் சீட்டுப் பெரியவர் மடியில விழுந்துருச்சும்மா. மாவு கூடையெல்லாம் வழியுது. அவர் பேப்பர் மேல எல்லாம்..."

பின்னால் தம்பியின் குரல் ரயில் பெட்டி முழுக்கக் கேட்டது. "மாமா முழிச்சுக்கிட்டாரு! அம்மாச்சி, மாமா முழிச்சுக்கிட்டாரு!"

பாப்பா போனைப் பிடுங்கினாள். அவளுக்கு மட்டும் பதற்றமே இல்லை.

"அம்மாச்சி, இப்ப குத்தி அமுக்கணுமா, அப்படியே விடணுமா?"

"அமுக்கு. கையில தண்ணி தொட்டுக்கோ. மூடியை மேல சும்மா வெச்சாப் போதும்."

"பெரியவர் கேக்குறாரு, இது என்னன்னு."

"என்ன சொன்ன?"

"எங்க குடும்பம்னு சொன்னேன்."